புழுங்கல் அரிசிக் கஞ்சியும் பினாங்குத் தமிழ்க் குழந்தையும்

குழந்தைக்கு முதலில் ஊட்டும் சோறு எது என்பது தாய்மார் மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும், மலாயாவில் குடியேறிய தமிழரின் வரலாற்றில் அஃது உயிரைக் காத்த செய்தியாகவே இருந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர் பல்லாயிரவர் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினர். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த உடைமை ஒரு மூட்டைக்குள் அடங்கியது. ஆனால் மூட்டையில் அடங்காத ஒரு செல்வமும் உடன் வந்தது. புழுங்கல் அரிசி உண்ணும் பழக்கமே அது.

அக்காலத்தில் மலாயாவை வாட்டிய நோய்களுள் பெரிபெரி கொடியது. கால் வீங்கும் அல்லது மரத்துப்போகும், நடை தளரும், இறுதியில் நெஞ்சு அடைத்து உயிர் பிரியும். சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் இந்நோயால் பெருந்தொகையினராக மாண்டனர். அவர்களைப் போலவே வறுமையில் வாடிய தமிழ்த் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேற்றுமையை ஆராய்ந்தார். சீனர் உண்டது இயந்திரத்தில் தீட்டப்பட்ட வெள்ளைச் சயாம் அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது தவறாயினும், அவர் சுட்டிய இடம் சரியானதே.

1905ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். அங்கிருந்தோரை இரு பகுதியினராகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். ஓராண்டில் வெள்ளை அரிசி உண்டவர்களுள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்பதை நிலைநாட்டினர்.

இதன் காரணம் இன்று தெளிவாகத் தெரியும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு குத்தித் தீட்டினாலும் பெரும்பகுதி எஞ்சுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. நெல் அவித்த தமிழ்ப் பெண்கள் உயிர்ச்சத்து என்னும் சொல்லையே கேட்டறியாதவர்கள். அவர்கள் செய்துவந்த செயலின் பயனை அறிவியல் பின்னால் வந்து விளக்கிற்று.

இந்நோய் பெரியவர்களோடு நின்றதன்று. தயமின் குறைந்த தாயின் பாலிலும் அச்சத்து குறையும். அப்பாலை உண்ணும் குழந்தையை, இரண்டு முதல் ஐந்து மாதத்திற்குள் பெரும்பாலும் இந்நோய் பற்றும். குரல் அடைத்து, ஓசையின்றி அழும் குழந்தை சில நாளிலோ சில மணி நேரத்திலோ இறக்கக்கூடும். 1910இல் மனிலாவில் வெட்டர், வில்லியம்ஸ் ஆகியோர் தவிட்டுச் சாற்றை இத்தகைய குழந்தைகளுக்குப் புகட்டி உயிர் காத்தனர். அந்த வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். 1936இல் தயமினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவரும் அவரே. தாயின் உலையில் வேகும் அரிசியே மடியிலுள்ள குழந்தையின் முதல் உணவு என்பது இதனால் விளங்கும்.

அரிசியால் வந்த கேட்டை ஆய்வு வென்றுகொண்டிருந்தபோதே, தகரக் குவளையில் மற்றொரு கேடு வந்தது. இனிப்பூட்டிய கெட்டிப்பால் தாய்ப்பாலுக்கு ஈடானது என்று பரப்பப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. ஆடை நீக்கிய பாலில் செய்ததாயின் கண்ணைக் காக்கும் ஏ உயிர்ச்சத்தும் இராது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இதைக் குழந்தைகளுக்கு ஊட்டச் செய்வது கொலைக்கு ஒப்பானது என்று அஞ்சாது கூறினார். 1941 இறுதியில் பினாங்கு ஜப்பானியர் கைப்பட்ட பின்னர், அரிசியே அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. வயிறு நிரம்பினாலும் உடல் தேறாது என்பதை அவ்வாண்டுகள் கற்பித்தன.

இவற்றால் பழைய பழக்கம் அனைத்தும் குறையற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்தது. இரத்தச் சோகையையோ பிற குறைகளையோ அது தடுக்கவில்லை. வெறுங்கஞ்சி மட்டும் குழந்தையை வளர்க்காது. தாய்ப்பாலோடு, ஆறு மாதம் நிறைந்தபின், இரண்டு பங்கு புழுங்கல் நொய்க்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, மசித்த கீரையும் சிறிது நெய்யும் கலந்து ஊட்டுதல் நன்று. அரிசியின் புரதத்தில் குறைவதைப் பருப்பும், பருப்பில் குறைவதை அரிசியும் நிறைவு செய்கின்றன. கஞ்சியை வடிக்காமல் விடுவதால் நீரில் கரையும் உயிர்ச்சத்தும் வீணாகாது. முளைகட்டிய கேழ்வரகின் கூழ் எளிதில் நெகிழ்வதால், சிறு கிண்ணத்திலேயே மிகுதியான தானியம் அடங்கும். சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி. மரக்கறி உணவில் இல்லாத பி12 உயிர்ச்சத்துக்கு, வயதிற்கேற்பத் தயிரும் பாலும் துணையாகும்.

உண்ண மறுக்கும் குழந்தைக்கும் தமிழர் அடுக்களை வழி வைத்திருக்கிறது. அதே அரிசியும் உளுந்தும் இட்டிலியாகும், தோசையாகும். அரிசியும் பாசிப்பருப்பும் பொங்கலாகும். வடிவமும் மணமும் மாறினாலும் சத்து மாறாது. ஒருமுறை தள்ளிய கீரையைப் பத்துமுறை சிறிது சிறிதாக வைத்தால் குழந்தை ஏற்பதுண்டு; அச்சுறுத்தித் திணித்தால் வெறுப்பே வளரும். இடையிடையே இனிப்புப் பானம் தந்து பசியைக் கெடுத்துவிட்டு, சோறு உண்ணவில்லை என்று குழந்தையைக் கடிவதும் முறையன்று.

இன்று ஜார்ஜ் டவுன் மார்க்கெட் தெருவின் மளிகைக் கடைகளில் புழுங்கல் அரிசியும் உளுந்தும் பாசிப்பருப்பும் கிடைக்கின்றன. பளபளக்கும் வெள்ளை அரிசி உயர்ந்தது, மங்கிய நிறமுடையது ஏழைக்குரியது என்னும் எண்ணமும் சில வீடுகளில் இருக்கிறது. கப்பலில் வந்த முன்னோர் விட்டுச்சென்ற ஏடுகள் மிகச் சில. அவர்கள் விட்டுச்சென்ற கஞ்சிக் கலயத்தையேனும் பொருளறிந்து போற்றுதல் வேண்டும். பழக்கத்தின் காரணத்தை உணர்ந்து, அதன் குறையையும் நிறைத்து, அடுத்த தலைமுறைக்கு ஊட்டும் தாயும் தந்தையும் அம்முன்னோர்க்குச் செய்யத்தக்க கடனைச் செய்தவராவர்.