காஹிராவின் வாளுக்கு ரெண்டு பக்கமும் கூர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மகளோடு படிக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தலையில் ஹிஜாப். தோசை சாப்பிட்டாள், சிரித்துப் பேசினாள், போய்விட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பாவம், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ரொம்பக் கட்டுப்பாடு போல" என்றேன்.

மகள் முறைத்தாள். "பாவம்னு அவ உங்ககிட்ட சொன்னாளாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷமாக வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கிறவன் நான். காகிதம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். இங்கே மட்டும் எந்தக் காகிதமும் பார்க்காமல் முடிவு கட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி மகள் ஒரு படக்கதையைக் காட்டினாள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படக்கதை எனக்குப் புதுசில்லை. எங்கள் ஊர் கொல்லயில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எனவே எனக்கு ரெண்டு மாயாவிகள்! மலையாளத்தில் 'பாலரமா' மாயாவி. எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போனால் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். எத்தனையோ நாயகர்களைப் படித்தேன். அதில் முஸ்லிம் பெயரோடு ஒரு நாயகன் வந்ததாக எனக்கு நினைவில்லை. நாயகியா? கேட்கவே வேண்டாம். தலைப்பாகையும் வளைந்த கத்தியுமாக வில்லனோடு நிற்கும் அடியாட்கள்தான் நினைவில் இருக்கிறார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

காஹிரா என்பது கெய்ரோ நகரத்தின் அரபுப் பெயர். அடக்கி வெல்பவள் என்று பொருள். அந்தப் பெயரில் 2013 ஜூனில் எகிப்தில் ஒரு நாயகி பிறந்தாள். வரைந்தவர் தீனா முகமது. அப்போது அவருக்கு 18 வயது. பதிப்பகம் கிடையாது, முதலாளி கிடையாது. கறுப்பு வெள்ளையில் வரைந்து இணையத்தில் போட்டார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு அரபியிலும். காஹிரா ஹிஜாப் அணிந்தவள், கையில் வாள் வைத்திருப்பவள். அநியாயம் எங்கே நடந்தாலும் அவள் காதில் விழும்.

முதல் கதையில் ஒரு பிரசங்கி, பெண்ணை வீட்டுக்குள் அடக்கி வைப்பது ஆணின் கடமை என்று முழங்குகிறார். வீட்டு வேலை பெண்ணுடையது என்கிறார். காஹிரா வருகிறாள். வீட்டு வேலைதானே? செய்துவிட்டால் போச்சு! பிரசங்கியைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டுப் போய்விடுகிறாள்.

அடுத்தது ஃபெமென் பற்றிய கதை. ஃபெமென் என்பது உக்ரைனில் தொடங்கிய பெண்ணுரிமை இயக்கம். முஸ்லிம் பெண்களை மீட்கிறோம் என்று அதே 2013ல் ஐரோப்பாவில் மேலாடையில்லாமல் போராட்டம் நடத்தியவர்கள். காஹிரா அவர்களையும் விடவில்லை. எங்களை மீட்க நீங்கள் யார், நாங்கள் கேட்டோமா என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் மகள் கேட்டதும் அதுதானே?

மூன்றாவது பாடு தெருவில். அந்த ஆண்டு ஐ.நா. வெளியிட்ட ஆய்வில், எகிப்தில் கேட்ட பெண்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு பாலியல் சீண்டலை அனுபவித்ததாகச் சொன்னார்கள். புகார் கொடுக்கப் போனால் அவள் மீதே குற்றம் கண்டுபிடிப்பார்கள். காஹிரா அதையும் கதையாக்கினாள். பாலியல் சீண்டலைத் தனிக் குற்றமாக்கி 2014 ஜூனில்தான் அங்கே சட்டம் வந்தது.

இதற்கு முன் முஸ்லிம் நாயகர்களே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். குவைத்தின் நயீஃப் அல் முதவா 2006ல் 'தி 99' தொடங்கினார். இறைவனின் 99 பண்புகளை வைத்து உருவான நாயகர்கள். நல்ல பிள்ளைகள், கேலி கிண்டல் கிடையாது. 2014ல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமிக்குத் தனித் தொடரே கொடுத்தது. இவர்களுக்கெல்லாம், நாங்களும் நல்லவர்கள்தான் என்று உலகத்துக்குச் சொல்லும் வேலையும் சேர்ந்தே இருந்தது. காஹிரா யாரிடமும் நற்சான்றிதழ் கேட்கவில்லை. தன் வீட்டு ஆணையும் கிண்டல் செய்தாள், அடுத்த வீட்டு அனுதாபியையும் கிண்டல் செய்தாள்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. வீட்டுக் குறையைச் சொன்னால், எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய் என்பான் வீட்டுக்காரன். வெளியாளைக் கண்டித்தால், வீட்டுக் குறையை மூடி மறைக்கிறாய் என்பான் வெளியாள். ரெண்டையும் ஒரே கையால் செய்வதற்குத் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியத்தை எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம். படக்கதையில் இல்லை, பத்திரிகையில். வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873-1932) தன் சொந்தக் காசில் 1905ல் 'சுதேசாபிமானி' தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆசிரியராக வந்தவர் நெய்யாற்றின்கரைக்காரர் ராமகிருஷ்ண பிள்ளை. பத்திரிகை திவானையும் அரண்மனையையும் கிழித்தது. 1910 செப்டம்பர் 26ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, பிள்ளையைத் திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றினார்கள். அதே மௌலவிதான் 'முஸ்லிம்' என்ற இதழை நடத்தி, தன் சமூகத்துக்குள் இருந்த மூடநம்பிக்கையையும் வரதட்சணையையும் எதிர்த்தார், பெண் கல்விக்கு வாதாடினார். ஒரு கண் அரண்மனை மேல், இன்னொரு கண் வீட்டுக்குள். நெய்யாற்றின்கரையில் பிள்ளையின் பெயரைச் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறேன். மௌலவியைப் பற்றி ஒழுங்காகப் படித்தது இங்கே லண்டன் வந்த பிறகுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீனா முகமது அதோடு நிற்கவில்லை. 'ஷுபைக் லுபைக்' என்ற பெரிய படக்கதை எழுதினார். 2017ல் கெய்ரோ காமிக்ஸ் விழாவில் பெரும் பரிசு வாங்கியது. அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2023ல் வந்தது. அதில் வரங்களைப் புட்டியில் அடைத்துப் பெட்டிக்கடையில் விற்கிறார்கள், தரம் பிரித்து. ஏழை விதவை ஒருத்தி உழைத்துச் சேர்த்த காசில் முதல் தர வரம் வாங்குகிறாள். பதியப் போனால் அதிகாரிகள் அவளைப் பாடாய்ப்படுத்துகிறார்கள். வங்கிக்காரன் யாராவது அதைப் படித்தால் அன்று தூக்கம் வராது :)

போன வாரம் அந்தத் தோழி மறுபடி வந்தாள். காஹிரா படித்தேன் என்றேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்டேன். ஃபெமென் கதையைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"துணி காயப்போடுற கதைதான் அங்கிள், செம சிரிப்பு" என்றாள்.

மறுபடியும் என் கணக்கு தப்பு. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தோசை ஊற்றப் போய்விட்டேன்.