பழைய ரைபிளின் தரமும் மதிப்பும்



வரலாறு ஓலையிலும் கல்வெட்டிலும் மட்டும் எழுதப்படுவதில்லை. மனிதன் கையாண்ட கருவிகளிலும் அது பதிந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட கருவி ஒன்றை இன்று நாம் எடுத்துக்கொள்வோம். புலி வேட்டையில் பெயர் பெற்ற ஜிம் கார்பெட்டின் ரைபிள் அது. ஒரு பழைய ரைபிள் குறி தவறாமல் சுடுமா என்பதையும், அதன் மதிப்பு என்ன என்பதையும் எவ்வாறு கணிப்பது? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை முதலில் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

வட இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் என்றோர் ஊர் உண்டு. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி ஒன்றை, 1907ஆம் ஆண்டில் கார்பெட் அங்கே சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். அது லண்டன் ரிக்பி நிறுவனம் விற்ற .275 ரைபிள். அந்தச் செய்தியைப் பொறித்த வெள்ளித் தகடு ஒன்று அதன் கட்டையில் பதிக்கப்பட்டுள்ளது.

தகட்டைப் பார்ப்பவர், "புலியைக் கொன்ற துப்பாக்கி இதுதான்" என்று சட்டென்று சொல்லிவிடுவார். சற்று எண்ணிப் பாருங்கள். புலியைக் கொன்றதற்காகக் கொடுத்த பரிசு, அந்தப் புலியைக் கொன்றிருக்க முடியுமா? முடியாது. சான்று கையில் இருந்தால் மட்டும் போதாது; அதைச் சரியாகப் படிக்கவும் தெரிய வேண்டும்.

நடந்தது என்ன என்பதைக் கார்பெட்டே 1944இல் வெளிவந்த 'குமாவோன் ஆட்கொல்லிகள்' பற்றிய தம் நூலில் கூறியிருக்கிறார். அன்று அவர் வேறொரு ரைபிளுடன் மூன்றே தோட்டாக்களைக் கொண்டு சென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தன, காயம்பட்ட புலி இன்னும் விழவில்லை. தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அதை நெருங்கினார். அந்தத் துப்பாக்கியிலோ, குழலுக்கும் அதன் அடைப்புக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் அங்குலத்தில் பாதி அளவு இடைவெளி இருந்தது! இருபதடி தூரத்தில் நின்று வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டோ காலில் பட்டது. புலி முன்பே உயிர் ஒடுங்கும் நிலையில் இருந்ததால் சாய்ந்தது. தேய்ந்த துப்பாக்கி எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பரிசாக வந்த ரைபிள் இதற்கு நேர்மாறானது. அதன் இயக்கப்பகுதி ஜெர்மானியரான பால் மவுசர் 1898இல் நிறைவு செய்த அமைப்பு. கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறும். முன்னே தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே செல்லும். கீழே மடக்கினால் போல்ட்டின் முனையிலுள்ள இரு பற்கள் பூட்டிக்கொள்ளும். அவை தவறினாலும் காப்பதற்குப் பின்புறம் மூன்றாவது பல் ஒன்றும் உண்டு. .275 என்பது ரிக்பி வைத்த பெயரே. தோட்டா, மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான்.

இனி, குறியின் தரத்தை எப்படிக் கணிப்பது? முதலில் பார்க்க வேண்டியது குழலின் உட்புறம். குண்டைச் சுழற்றி அனுப்பும் புரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். அக்காலத் தோட்டாக்களின் வெடிமுனையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். அன்றே வெந்நீரால் கழுவாத துப்பாக்கியின் குழல், அம்மை வடு விழுந்த முகம்போல் ஆகிவிடும். குண்டு வெளியேறும் வாய்விளிம்பு தேய்ந்திருந்தாலும் குறி சிதறும். மழைக்காற்றில் கட்டை உப்பிக் குழலை அழுத்தினாலும் அப்படியே.

தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் சோதித்து, சுடத் தக்கது என்று சொன்ன பிறகே, உரிமம் உள்ள இடத்தில் 100 கஜத்தில் ஐந்து தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பார்கள். ஐந்தும் நெருங்கி விழுந்து, குறியிலிருந்து விலகியிருந்தால் குறை குறிகாட்டியில், அதைத் திருத்திவிடலாம். ஐந்தும் நாலாபுறமும் சிதறினால் குறை பெரும்பாலும் குழலிலோ கட்டையிலோ இருக்கும். விலகலும் சிதறலும் வேறு வேறு நோய்கள்.

மதிப்பைக் கணிக்கும் முறை வேறு. போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா, சோதனைச் சாலையின் முத்திரைகள் உள்ளனவா, நிறுவனத்தின் பழைய பேரேட்டில் அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வெள்ளித் தகட்டை யாரும் பதித்துவிடலாம்; பேரேடு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. புதிதாக மெருகேற்றிய துப்பாக்கிக்கு விலை குறையும். பழைய நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும்; எழுத்து போய்விடும் அல்லவா? ஆகவே, குழல் தேய்ந்து குறி கெட்ட துப்பாக்கி பெருமதிப்புப் பெறுவதும் உண்டு. குறி தவறாத துப்பாக்கி சாதாரண விலைக்குப் போவதும் உண்டு.

கார்பெட் 1947இல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து 1955இல் மறைந்தார். ரைபிள் அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வசம் பல ஆண்டுகள் இருந்தது. 2015இல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கியது. 2016இல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுக் காட்டப்பட்டது.

ஆனால் இந்த ரைபிளின் வரலாறு வேட்டையோடு முடியவில்லை. பிற்காலத்தில் கார்பெட் புலிகளைப் படம்பிடிப்பதில் நாட்டம் கொண்டார். அவற்றைக் காக்க வேண்டும் என்று வாதாடினார். 1936இல் அமைந்த இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா பின்னர் அவர் பெயரையே பெற்றது. நம் தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் புலியைப் புத்தகத்தில் மட்டுமே காணும் நிலை வரக்கூடாது.

குழலைப் பார்த்தால் குறியின் தரம் தெரியும். பேரேட்டைப் பார்த்தால் பொருளின் மதிப்பு தெரியும். அந்தக் கருவியை ஏந்தியவர் பின்னாளில் எதைக் காக்க நின்றார் என்று பார்ப்பதும் வரலாற்று மாணவரின் கடமையாகும்.