தாமதமும் அறியாத் தாமதமும்: ஓட்டுநரில்லா ஊர்திகளில் கடிகார ஒத்திசைவு

ஓட்டுநரில்லா ஊர்தியின் பாதுகாப்பு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் அது எதைப் பார்க்கிறது, எவ்வளவு தொலைவு பார்க்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. எப்போது பார்த்தது என்பதும் அதே அளவு அடிப்படையான கேள்வி. கேமரா, ரேடார், லைடார் என்னும் லேசர் தொலைவுமானி, அசைவுணரி, பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டகம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தைக் கொண்டு இயங்குகிறது. அவற்றின் தரவுகளைச் சேர்த்தே ஊர்தி தன் சூழலை அறிகிறது. இக்கடிகாரங்களை ஒத்திசைப்பதை வெறும் துல்லியப் போட்டியாகக் கருதலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அளவு தெரிந்த தாமதத்தைக் கணக்கால் சரிசெய்யலாம். அளவு தெரியாத தாமதமே ஆபத்து. ஆகவே ஒவ்வோர் அளவீடும் தன் நேரத்தோடு அந்நேரத்தின் பிழை வரம்பையும் தாங்கி வர வேண்டும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஊர்தி நொடிக்கு 27.8 மீட்டர் நகர்கிறது. நொடிக்குப் பத்து முறை சுழலும் லைடார் ஒரு சுற்றை முடிப்பதற்குள் ஊர்தி 2.8 மீட்டர் முன்னேறிவிடும். ஆயினும் ஒவ்வொரு புள்ளியும் பதிவான கணம் தெரிந்தால், இடையிலான அசைவைக் கழித்து எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். கேமராவில் சிக்கல் வேறு வகையானது. ஒளி பதிந்து, வரிவரியாகப் படிக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, கணினியின் நினைவகத்தை அடைந்த பிறகே நேரம் குறிக்கப்பட்டால், அந்த இடைவெளி கணினியின் பளுவுக்கேற்பப் படத்துக்குப் படம் மாறும். நொடிக்கு 30 பாகை வீதம் திரும்பும் ஊர்தியில் 10 மில்லிநொடி பிசகினாலே, 50 மீட்டர் தொலைவில் நிற்கும் பாதசாரி பக்கவாட்டில் 26 செ.மீ. நகர்ந்து தோன்றுவார்.

கடிகாரங்கள் உலக நேரத்தோடு ஒத்துப்போவதைவிடத் தமக்குள் ஒத்துப்போவது ஏன் முதன்மையானது என்பதை வரலாறு கசப்பாகவே காட்டியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் தடுப்பு அமைப்பு தாக்கவந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். நொடியின் பத்தில் ஒரு பங்கை 24 பிட் எண்ணாகச் சுருக்கியதில் விளைந்த நுண்பிழை, சுமார் 100 மணி நேரத் தொடர் இயக்கத்தில் 0.34 நொடியாகத் திரண்டிருந்தது. எல்லாக் கணக்குகளும் அதே பிழையான நேரத்தைக் கொண்டிருந்தால், இரு நேரங்களின் வேறுபாட்டைக் காணும் கழித்தலில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். மென்பொருளின் சில இடங்களில் மட்டுமே நேரமாற்றுக் கணக்கு திருத்தப்பட்டிருந்ததால், திருந்திய நேரமும் திருந்தா நேரமும் ஒன்றாய்க் கலந்தன.

ஊர்திக்குள் பொது நேரத்தைப் பரப்பும் முறை இன்று தெளிவாகவே வகுக்கப்பட்டுள்ளது. 2002இல் வெளிவந்த ஐஇஇஇ 1588 நெறியும், அதிலிருந்து கிளைத்த 802.1ஏஎஸ் நெறியும், ஈதர்நெட் வழியே செய்திகளைப் பரிமாறிக் கடிகாரங்களை ஒரு மைக்ரோநொடிக்குள் இணைக்க வல்லவை. ஆனால் செய்தி போகவும் வரவும் ஒரே நேரம் பிடிக்கும் என்பது இம்முறையின் அடிப்படை அனுமானம். இருவழித் தாமதங்கள் வேறுபட்டால், அவ்வேறுபாட்டின் பாதி அப்படியே பிழையாகும். அப்பிழையை நெறி தானாகக் கண்டுபிடிக்காது. ஒத்திசைவு நடக்கிறது என்பதாலேயே ஒத்திசைந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

ஒவ்வோர் உணரிக்கும் ஜிபிஎஸ் நேரம் தந்தால் போதாதா என்று கேட்கலாம். திறந்த வெளியில் போதும். சுரங்கப்பாதையில் சமிக்ஞை அறுந்தபின், பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழையுள்ள குவார்ட்ஸ் படிகம் பத்து நிமிடத்தில் 12 மில்லிநொடி விலகிவிடும். எதிரெதிராக விலகும் இரு கடிகாரங்களுக்கிடையே அது 24 ஆகும். நேர வேறுபாட்டை மென்பொருளே தரவிலிருந்து ஊகித்துக்கொள்ளும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. கேமராவையும் அசைவுணரியையும் ஒப்பிட்டு அவ்வாறு செய்யும் வழிமுறைகள் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் அவற்றுக்கு முடுக்கமோ திருப்பமோ வேண்டும். நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்கையில் அசைவுணரியின் அளவீடு மாறாது. மாறாத ஒன்றை முன்னே நகர்த்தினாலும் பின்னே நகர்த்தினாலும் வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலைப் பயணத்தின் பெரும்பகுதி அத்தகையதே. ஆகவே அம்முறைகள் பொதுக் கடிகாரத்தைச் சோதிக்கும் துணையாகலாம், அதற்கு மாற்றாக முடியாது.

தரவு மையங்கள் இதற்கு முன்னுதாரணம் வைத்திருக்கின்றன. கூகுள் 2012இல் விவரித்த ஸ்பேனர் தரவுத்தளத்தில் கடிகாரம் ஒற்றை எண்ணைத் தருவதில்லை. உண்மை நேரம் அடங்கியிருக்கும் இடைவெளியைத் தருகிறது, அந்த ஐயம் தீரும்வரை பரிவர்த்தனை காத்திருக்கிறது. ஓடும் ஊர்தியால் காத்திருக்க இயலாது; ஆனால் வேகத்தைக் குறைக்க முடியும். நேரப் பிழையை வேகத்தால் பெருக்கினால் வருவதே இடப் பிழை. இடப் பிழை 10 செ.மீ.க்கு மிகக்கூடாதெனில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேரப் பிழை 3.6 மில்லிநொடிக்குள் நிற்க வேண்டும். அது இரட்டித்தால் வேகம் பாதியாக வேண்டும். இவ்விதியை ஊர்தியின் ஓட்டக் கட்டுப்பாட்டில் எழுதிவைப்பதும், பிழை வரம்பை விபத்துப் பதிவேட்டில் கட்டாயமாக்குவதும் வடிவமைப்பாளர்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் இப்போதே ஏற்க வேண்டிய பொறுப்புகள்.