ஓரக்கோட்டில் ஓடியவர்

1910 ஜூலை 2, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது ரக்பி டெஸ்டில் பிரிட்டிஷ் அணி 22–17 என்று வென்றது. அந்த 22 புள்ளிகளில் 12 ஒரே ஆளின் ஓட்டத்தில் வந்தவை. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் அது ஒரு ட்ரை. அன்றைக்கு அதன் மதிப்பு மூன்று புள்ளி. விகன் கிளப்பின் விங்கர் ஜிம் லீதம் அன்று நான்கு ட்ரை போட்டார்.

வடக்கு இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்தவர் அவர். ரக்பி இரண்டாகப் பிளந்த காலத்தில் வளர்ந்தவர்.

அந்தப் பிளவின் வேர் கூலியில் இருந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலைநாள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டக் கிளப்புகள் பணம் தருவதை லண்டனில் இருந்த நிர்வாகம் ஏற்கவில்லை. வீட்டில் வசதி உள்ளவன் மட்டும் ஆடட்டும் என்பதே அதன் உட்பொருள், அநியாயம் அது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடி, நார்தர்ன் யூனியன் என்ற தனி அமைப்பைத் தொடங்கின. இழந்த ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் என்று முடிவானது. இன்று ரக்பி லீக் என்று அழைக்கப்படும் ஆட்டம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் வாசலில் டிக்கெட் விற்க வேண்டும். சேற்றில் கும்பலாக முட்டிக்கொண்டு நிற்பதைக் காசு கொடுத்துப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? எனவே விதிகள் ஒவ்வொன்றாக மாறின. பந்து ஓரக்கோட்டுக்கு வெளியே போனால் இரு அணியும் வரிசையாக நின்று அதற்குப் போட்டியிடும் லைன்-அவுட் 1897-இல் ஒழிந்தது. 1906-இல் ஓர் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆனது. முன்கள ஆட்டக்காரர்களில் இருவர் குறைந்ததும் மைதானத்தில் ஓட இடம் கூடியது. அந்த இடம் யாருக்காக என்று கேட்டால், என் கணிப்பில், ஓரக்கோட்டை ஒட்டி ஓடும் விங்கருக்காக.

லீதம் 1903-இல் விகனுக்கு வந்திருந்தார். ஓட்டத்தோடு கோல் உதைப்பதிலும் தேர்ந்தவர். பெர்ட் ஜென்கின்ஸ், நியூசிலாந்திலிருந்து வந்த லான்ஸ் டாட், ஜோ மில்லர் ஆகியோருடன் அவர் அமைத்த பின்வரிசை அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வரிசைகளில் ஒன்று. 1909-இல் விகன் ஓல்டமை 7–3 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. மறு ஆண்டு, ஜேம்ஸ் லோமாஸ் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய முதல் பிரிட்டிஷ் நார்தர்ன் யூனியன் அணியிலும் லீதம் இருந்தார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஜென்டில்மேன் ஜிம்’.

1916-இல், சொந்த ஊர்ப் பக்கத்து லூன் ஆற்றில் மீன்பிடிக்கப் போனவர் நீரில் மூழ்கி இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் ஒன்றில் நான்கு ட்ரை என்ற அவருடைய கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.