குதிரைவழி உளச்சிகிச்சை

பயிற்சி பெற்ற உளநல ஆலோசகரும் குதிரையைப் பழக்கத் தெரிந்தவரும் சேர்ந்து, குதிரையின் துணையோடு ஒருவரின் மனச்சிக்கலை அணுகும் முறை. ஆளுமைப் பயிற்சிக்கும் இது பயன்படுகிறது. பல மையங்களில் சவாரியே கிடையாது. குதிரையைத் தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடத்துவது போன்ற தரைவேலைகள்தான்.

இந்தச் சிகிச்சை புதிது என்றாலும், காரைக்கால் கரைக்குக் குதிரை புதிதன்று. வடக்கே காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. தெற்கே கோடியக்கரையில், வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் கட்டவிழ்ந்து மேய்கின்றன. நோய் தீர்ந்தால் அய்யனாருக்கு மண்குதிரை வைப்பதாக நேர்ந்துகொள்வதும் உண்டு. ‘நம்மவர்கள் அப்போதே கண்டதுதான் இது’ என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் மண்குதிரை சாமி ஊர்க்காவல் சுற்றுவதற்கான வாகனம்; நோயாளி அதைத் தொட்டுப் பழகுவதில்லை.

குதிரை மனிதரை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பது பெர்லினில் தெரியவந்தது. அங்கே ஹான்ஸ் என்ற குதிரை குளம்பால் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லிப் பேர் வாங்கியிருந்தது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரையறியாமல் இம்மியளவு அசையும். அதைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியது. வேட்டையாடப்படும் விலங்குக்கு இந்தக் கூர்மை உயிர்த்தேவை. படபடப்போடு நெருங்கினால் குதிரை காதைத் திருப்பி விலகும். மூச்சு சீராகி, தோள் தளர்ந்தால் தலையைத் தாழ்த்தி நிற்கும். சொல்லால் மறைத்ததை உடல் காட்டிக்கொடுக்கும் அந்தக் கணத்திலிருந்துதான் ஆலோசகர் பேச்சைத் தொடங்குவார்.

குதிரைவழிச் சிகிச்சை முதலில் உடற்சிகிச்சையாகத்தான் பரவியது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. அப்படியும் சவாரியை விடாமல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் அவர் வெள்ளி வென்றார். மேடையேறக் கைகொடுத்தவர் தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர். 1969இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளர் குதிரையேற்றச் சங்கங்கள் அமைந்தன. உளச்சிகிச்சை தனித்துறையாகப் பிரிந்தது 1990களில். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஈகாலா அமைப்பு சவாரியை அடியோடு தவிர்த்தது.

பலன் பற்றிய ஆராய்ச்சி இன்னும் இளசு. ஆட்டிசம் உள்ள 127 சிறுவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பத்து வாரச் சவாரிக்குப் பின் எரிச்சலும் மிகைத் துறுதுறுப்பும் குறைந்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் 63 முன்னாள் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வு நம்பிக்கை தந்தாலும் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. மனநோய்களுக்கு இம்முறை பலிக்கும் எனச் சொல்லச் சான்று போதாது என்று 2014இல் ஒரு மீளாய்வு அடித்துச் சொன்னது. மருந்தை நிறுத்திவிட்டு லாயத்துக்குப் போகச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

தமிழர் வாழும் சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளருக்கான குதிரையேற்றச் சங்கம் 1982 முதல் இயங்குகிறது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. ஆனால் ஓட்டப் பழகிய குதிரையெல்லாம் இதற்கு உதவாது. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் ரேக்ளா வண்டி இழுப்பவை வேகத்துக்குப் பழக்கப்பட்டவை. சிகிச்சைக்கு வேண்டியது திடீர்ச் சத்தத்துக்கும் அழுகைக்கும் மிரளாத, நிதானப்பட்ட குதிரை. அதற்கும் வேலை நேரத்தைச் சுருக்கி, வெயிலில் நிறுத்தாமல், போதிய ஓய்வு கொடுத்தாக வேண்டும்.