இல்லம் புகுந்த வழங்கி இயங்குதளம்

ஜொகூர் மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே திட்டமிட்டு எழுப்பப்பட்ட சிறுநகரம் பண்டார் தெங்காரா. 'தெங்காரா' என்னும் மலாய்ச் சொல் தென்கிழக்குத் திசையைக் குறிக்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் நிலத்திட்டங்களோடு வளர்ந்த ஊர் இது. இத்தகைய ஊரில் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் வீட்டுக் கணினியில் 'கொடி' என்று எழுதினால், சென்னையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் அதனைச் சிதைவின்றிப் படிக்க இயல்கிறது. இஃது எளிதில் வாய்த்ததன்று. நிறுவனங்களுக்கென ஆக்கப்பட்ட ஓர் இயங்குதளம் இல்லம் புகுந்த வரலாறு இதன்பின் நிற்கிறது.

பல கணினிகளுக்குக் கோப்பையும் அஞ்சலையும் அச்சுப் பணியையும் வழங்கி நிற்கும் பொதுக் கணினியே 'வழங்கி' எனப்படும். அஃது இரவு பகல் ஓயாது இயங்க வேண்டும். ஒரு மென்பொருள் பழுதுற்றால் ஏனையவை உடன் வீழ்தல் கூடாது. வீடுகளில் பரவிய விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றுக்கு அவ்வுறுதி இல்லை. டாஸ் என்னும் பழைய அடித்தளத்தின் வழிவந்த அவை, ஒரு மென்பொருளின் பிழையால் முழுதும் உறைந்து நிற்பதைக் கண்டவர் பலர்.

டிஜிட்டல் நிறுவனத்தில் வி.எம்.எஸ். இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் டேவ் கட்லர். 1988இல் மைக்ரோசாப்டுக்கு வந்த அவருடைய தலைமையில் ஆக்கப்பட்ட விண்டோஸ் என்.டி. 1993 சூலையில் வெளிவந்தது. அலுவலகங்களையும் வழங்கிகளையும் கருதியே அது படைக்கப்பெற்றது. எனினும் தமிழாசிரியர் கருதத்தக்க சிறப்பு வேறொன்று உண்டு. அதன் உட்கரு தொடக்கமுதலே ஒருங்குறியில் அமைந்திருந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அதற்கு முன்பே தமிழைக் கணினியில் ஏற்றியோர் இலர் என்பதன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகப் பொது விசைப்பலகை ஒன்றும் கிடைத்தது. ஆயினும் அக்காலத்து எழுத்துருக்கள் பிறமொழி எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவையே. 'அ' என்று திரையில் காண்பதைக் கணினி தமிழென்று அறியாது. உரிய எழுத்துரு இல்லாத கணினிக்கு மடல் அனுப்பினால், பெற்றவர் காண்பது பொருளற்ற குறிகளே.

ஒருங்குறியில் இடம் பெற்றதோடும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 'கொ' என்பதில் ககர மெய்யை முன்னும் ஒகர உயிரைப் பின்னுமாக ஒலிக்கிறோம். ஒருங்குறியும் அவ்வாறே ககரத்தின்பின் ஒகரக் குறியை வைத்துச் சேமிக்கிறது. வரிவடிவிலோ கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். இவ்விட மாற்றத்தை இயங்குதளமே செய்தாக வேண்டும். 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 இதனைச் செய்தது. இந்திய எழுத்துகளுள் தேவநாகரியும் தமிழுமே முதற்கண் இடம்பெற்றன. 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவும் உடன் வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் இல்லங்களுக்கென விற்கப்பட்ட விண்டோஸ் மீ பழைய அடித்தளத்திலேயே நின்றது. அலுவலக எழுத்தருக்குக் கிட்டிய தமிழ், கட்டுரை எழுதும் மாணவனுக்குக் கிட்டவில்லை. இப்பிரிவினை மொழியின் தேவையறிந்து செய்யப்பட்டதன்று. வாணிகத்தின் கணக்கே அது.

அக்கணக்கு வழங்கிப் பதிப்புக்கும் மேசைப் பதிப்புக்கும் இடையிலும் இருந்தது. மார்க் ருசினோவிச், ஆண்ட்ரூ சுல்மன் ஆகியோர் 1996இல் என்.டி. 4.0இன் இரு பதிப்புகளையும் ஆராய்ந்தனர். பதிவகத்தில் உள்ள மிகச் சில குறிப்புகளே இது வழங்கி, இது மேசைக் கணினி என்று வேறுபடுத்துகின்றன என வெளிப்படுத்தினர். அக்குறிப்புகளைக் கண்டே உட்கரு தன் நடையை மாற்றிக்கொண்டது. ஆர்வலர் சிலர் பின்னாளில் விண்டோஸ் சர்வர் 2003ஐ அன்றாடக் கணினியில் நிறுவிப் பயன்படுத்தியதும் இவ்வொற்றுமையால்தான். முதலில் அதில் ஒலியே எழாது. வழங்கிக்குப் பாட்டு எதற்கு என்று ஒலிச்சேவையை அணைத்தே அனுப்பியிருந்தனர். அதனை இயக்கிக்கொள்ள வேண்டும். பின்னணிப் பணிகளுக்குத் தந்த முதன்மையைக் கண்முன் உள்ள மென்பொருளுக்கு மாற்றவும் வேண்டும். இவை முடிந்தால் அது நல்லதொரு வீட்டுக் கணினியே. விலைதான் வீட்டாருக்கு ஏற்றதன்று.

2001 அக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, என்.டி. உட்கருவை இல்லப் பதிப்பிலும் வைத்தது. மறுபுறம், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வழங்கிகளை ஆண்டதோடு, 2008முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவாகவும் ஆயிற்று.

எக்ஸ்பியிலும் தமிழ் தானாக வந்துவிடவில்லை. தமிழுக்குரிய கோப்புகள் குறுவட்டில் இருந்தன. மொழி அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தைக் குறியிட்டு, குறுவட்டை இட்டு அவற்றை நிறுவ வேண்டியிருந்தது. குறுவட்டு இல்லாமல் கணினி வாங்கிய வீடுகளில் பலர் அக்கட்டம் இருப்பதையும் அறியார். 2007 சனவரியில் இல்லங்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் அவை கேளாமலே நிறுவப்பெற்றன.