குழந்தை வண்டியைத் தேர்வது தெரு: மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

குழந்தை பிறந்த வீடுகளில் இன்று தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு: எந்தத் தள்ளுவண்டியை வாங்குவது? கடைக்காரரும் விளம்பரமும் இதற்கு இரண்டு அளவுகோல்களைத் தருகின்றனர். ஒன்று கையிருப்பு, மற்றொன்று வாழ்க்கைமுறை. இவ்விரண்டையும் விட வலிமையான மூன்றாவது அளவுகோல் ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வெளியே கிடக்கும் தெருவே அது. மும்பையில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் ஓரிடத்தில் உருளும் சக்கரம் மற்றோரிடத்தில் உருளாது. இந்த வேறுபாட்டைப் பழக்கம் என்றோ பண்பாடு என்றோ பெயரிட்டுக் கடந்துவிட இயலாது என்பதே இப்பதிவின் கருத்து.

சொற்களிலிருந்து தொடங்குவோம். குழந்தையை அமர்த்திப் பெரியவர் தள்ளிச் செல்லும் வண்டிக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. 'தள்ளுவண்டி' என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது காய்கறி வண்டியும் இட்லிக் கடையும்தான். 'பிராம்', 'ஸ்ட்ரோலர்' என்னும் ஆங்கிலச் சொற்களே வழக்கில் உள்ளன. மராத்தியில் இதற்குப் 'பாபாகாடி' என்ற இயல்பான சொல் உண்டு. ஆனால் தமிழில் குழந்தையோடு தொடர்புடைய சக்கரச் சொற்களே இல்லை என்று கருதிவிடக் கூடாது. நடைபழகும் குழந்தை பிடித்துத் தள்ளும் மூன்று சக்கர மரவண்டி நமக்கு நடைவண்டி, மராத்தியர்க்குப் பாங்குள்காடா. பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்கள் பத்தில் இறுதியானது சிறுதேர் உருட்டல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்று காற் சிறுதேர் இடம்பெறுகிறது.

இச்சொற்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நடைவண்டியாயினும் சிறுதேராயினும் தள்ளுவதும் உருட்டுவதும் குழந்தையே. தள்ளப்படும் குழந்தைக்குச் சொல் இல்லை. ஏனெனில் அந்தக் குழந்தை சக்கரத்தின்மேல் இல்லை, ஓர் உடலின்மேல் இருந்தது. 'கைக்குழந்தை' என்னும் சொல்லே குழந்தையின் பருவத்தை அது இருக்கும் இடத்தால் குறிக்கிறது. இடுப்பு, தோள், மடி, தூளி, ஏணை, தொட்டில் எனக் குழந்தையைத் தாங்கும் இடங்களுக்குச் சொற்கள் நிறைந்திருக்கின்றன.

பட்டினப்பாலைக் காட்சியில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வரும் கோழியை விரட்ட, செல்வர் மனைப் பெண்கள் தம் கனத்த காதணியைக் கழற்றி எறிகின்றனர். அக்காதணி சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. நகரின் வளத்தைச் சொல்ல வந்த புலவர், சக்கரம் என்றால் அதற்குத் தடையற்ற வழி வேண்டும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்.

தள்ளப்படும் குழந்தையின் வண்டி ஐரோப்பிய மேட்டுக்குடியினரின் தோட்டத்தில் பிறந்தது. 1733இல் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு சிறு வண்டி செய்தார். அதை இழுத்தது விலங்கு. ஓடிய இடம் கோமகனின் சொந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைப்பிடி பொருத்தப்பட்டு மனிதர் தள்ளும் வண்டியாக அது மாறியது. 'பெரம்புலேட்டர்' என்ற பெயர் 'சுற்றி நடத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1889இல் அமெரிக்காவின் வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தையின் முகம் தள்ளுபவரை நோக்குமாறு திருப்பத்தக்க கூடைக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வளவும் நடந்தது நடைபாதையும் பூங்காவும் சம்பளச் செவிலியும் கிடைத்த நகரங்களில். அம்மூன்றும் இல்லாவிட்டால் பிராம் வெறும் இரும்புக் கூடை.

காலனிய இந்தியாவுக்கு அந்த வண்டி வந்தபோது அதைத் தள்ளியவள் ஆயா. 'ஆயா' என்பது போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்து இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் பரவிய சொல். மும்பைத் தீவும் அவ்வாறே போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின் வழியாக ஆங்கிலேயர்க்குச் சென்றது. வெள்ளையர் குழந்தையோடு நிற்கும் ஆயாக்களின் ஒளிப்படங்கள் பல எஞ்சியுள்ளன. அவர்களுடைய சொந்தக் குழந்தை அவ்வேளையில் யார் இடுப்பில் இருந்தது என்பது அப்படங்களில் இல்லை.

இனி மாட்டுங்கா. 1896இல் மும்பையில் கொள்ளைநோய் பரவியது. நெரிசலான சாளிகளே காரணம் என்று கருதிய அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் நிலம் கையகப்படுத்தப்பட்டு, வீடுகள் எழுமுன்னரே சாலைகள் வகுக்கப்பட்டன. அகன்ற தெரு, நடைபாதை, மரம், பூங்கா ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற்றன. ஆங்கிலக் கல்வியும் அலுவலக வேலையும் முன்னரே வாய்த்த தமிழர், அவர்களுள் பெரும்பான்மையினரான பிராமணர், இங்கே அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தொடங்கப்பட்டது. கழிப்பறையும் சமையலறையும் உள்ளடங்கிய 'பிளாட்' என்னும் புதிய வாழ்க்கைமுறை இங்கு எவ்வாறு உருவானது என்பதை நிகில் ராவ் 2013இல் வெளியான தம் 'ஹவுஸ், பட் நோ கார்டன்' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மாட்டுங்காவின் எல்லா வீடுகளிலும் பிராம் இருந்தது என்று நான் கூறவரவில்லை. அவ்வீடுகளிலும் பாட்டியின் மடியும் தூளியும் இருந்தன. மூன்று மாடி, மின்தூக்கி இல்லாத கட்டடங்களில் கனத்த வண்டியை ஏற்றி இறக்குவது எளிதுமன்று. ஆனால் வாங்க விரும்பியவர்க்குத் தெரு தடையாக நிற்கவில்லை. ஐந்து தோட்டங்கள் என்னும் பூங்காத் தொகுதி வரை மரநிழலில் தள்ளிச் செல்லலாம். அந்த நடைபாதை பொதுப் பணத்தில் போடப்பட்டது.

தாராவியின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டபோது, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து ஆதிதிராவிடரும் இசுலாமியரும் அத்தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தனர். கோலி மீனவர் அங்கு முன்னரே இருந்தனர்; சௌராட்டிரக் குயவர் கும்பார்வாடாவை அமைத்தனர். சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் பெரும்பாலும் குடியிருப்போரே. மாட்டுங்காவில் சாலை முதலில், வீடு பின்னர். தாராவியில் வீடு முதலில். வீடுகளுக்கு இடையே எஞ்சியதே சந்து. தொண்ணூறடிச் சாலை, அறுபதடிச் சாலை எனச் சாலையின் அகலமே பெயராக நிலைத்திருப்பது தற்செயலன்று. அகலம் அங்கே அரும்பொருள்.

அச்சாலைகளை விட்டு உள்ளே திரும்பினால் இருவர் எதிரெதிரே ஒதுங்கிச் செல்லவேண்டிய சந்துகள். கீழே சாக்கடையை மூடிய கற்பலகைகள். பக்கவாட்டில் மேல்தளத்துக்கு ஏறும் செங்குத்தான இரும்பு ஏணிகள். விலை எதுவாயினும் எந்தத் தள்ளுவண்டியும் இங்கே பயன்படாது. இங்கே அறிவார்ந்த தேர்வு தூளிதான். பழைய சேலை ஒன்றும் உத்தரத்தில் ஒரு கொக்கியும் போதும். தரையில் அது இடம் கேட்பதில்லை. குழந்தை விழித்ததும் சுருட்டி மேலே செருகிவிடலாம். பத்துக்குப் பத்து அடி அறையில் வாழும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழந்தைப் படுக்கையை எந்த நிறுவனமும் வடிவமைக்கவில்லை. வெளியே செல்ல இடுப்பு.

உடலோடு சேர்த்துச் சுமப்பதைப் பற்றாக்குறையின் அடையாளமாக மட்டும் கருதுவதும் பிழை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு எனப்படும் அம்முறையை உலக நலவாழ்வு நிறுவனம் இன்று பரிந்துரைக்கிறது. தாராவியை அடுத்த சயான் மருத்துவமனை 1989இல் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்ட இடம். பச்சிளங் குழந்தைக்குத் தாயின் உடல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்வட்டாரம் நன்கறியும்.

ஆனால் இடுப்புக்கும் விலை உண்டு. அது கடைச்சீட்டில் வராது. தாய் வேலைக்குச் செல்லும் வீட்டில் அந்த இடுப்பு பெரும்பாலும் அக்காவினுடையது. எட்டு வயதுச் சிறுமி தம்பியைச் சுமந்துகொண்டு நிற்கும் காட்சியை நாம் பாசம் என்று மட்டும் வாசிக்கிறோம். அது அவளுடைய பள்ளி நேரமும் விளையாட்டு நேரமும் ஆகும். தூளியையும் இடுப்பையும் மரபு என்று போற்றும்போது யாருடைய இடுப்பு என்று கேட்கத் தவறக் கூடாது. விரும்பிச் சுமப்பது வேறு; வேறு வழியின்றிச் சுமப்பது வேறு.

செம்பூர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்ட இப்பகுதி, 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆய்வு நிறுவனமும் எழுந்தபின் விரைந்து வளர்ந்தது. பொறியாளர், எழுத்தர், தொழிலாளர் எனப் பலநிலைத் தமிழர் இங்கு வந்தனர். சேடா நகர் முருகன் கோயில் அவர்கள் கூடும் இடங்களுள் ஒன்று. செம்பூர் வாழ்க்கை பயணத்தால் ஆனது: ஆட்டோ, துறைமுக வழித்தட மின்ரயில், பேருந்து. இங்கு வேண்டியது மடியும் வண்டி.

மடியும் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பை வடிவமைத்த ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், தம் பேரக்குழந்தையின் கனத்த வண்டியைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டி ஒன்றை உருவாக்கினார். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் உற்பத்தி தொடங்கியது. அதன் எடை ஏறத்தாழ 2.7 கிலோ. விமானத்தின் வயிற்றுக்குள் சக்கரத்தை மடிக்கும் அறிவு, பேருந்துப் படியேறும் தாயின் கைக்கு வந்தது. அதே மடிப்பில் ஆபத்தும் இருந்தது. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான 12 நிகழ்வுகளுக்குப் பின், 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்லாரன் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியாயிற்று. கீலை மூடும் உறைகள் வழங்கப்பட்டன.

எனவே இம்மூன்று பகுதிகளில் வாழ்வோர் வண்டி வாங்குமுன் கடைக்குச் செல்வதற்கு முன்னரே சிலவற்றை அளந்துகொள்வது நலம். வாசற்கதவு, மின்தூக்கிக் கதவு, சந்து ஆகியவற்றுள் எது மிகக் குறுகியதோ அதுவே வண்டியின் அகலத்துக்கு வரம்பு. மாட்டுங்காவுக்கு ஆட்டோ வராது. சயானுக்குத் தெற்கே அதற்கு அனுமதியில்லை. வாடகைக் காரின் பின்பெட்டியைப் பல வேளைகளில் எரிவாயு உருளையே நிறைத்திருக்கும். ஆகவே மடித்த வண்டி கூரைமேல் ஏறும் அல்லது மடியில் அமரும். செம்பூரில் அது ஆட்டோ இருக்கையில் கால்களுக்கிடையே நிற்க வேண்டும். ஒரு கையில் குழந்தை இருக்க மறு கையால் மடிக்க இயலுமா என்று கடையிலேயே செய்து பார்க்கலாம். குடைபோல் மடியும் மெல்லிய வண்டிகள் தலைநின்று நிமிர்ந்து உட்காரும் பருவத்துக்கே உரியவை. ஏறத்தாழ ஆறு மாதம் வரை முதுகு முழுவதும் சாயும் படுக்கை வேண்டும். தோள், இடுப்பு, தொடையிடை மூன்றையும் பிணைக்கும் ஐந்துமுனைப் பட்டை, உறுதியான தடை, மூடிய கீல் ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. மும்பை வெயிலில் வண்டியைத் துணியால் மூடினால் உள்ளே வெப்பம் தங்கிவிடும். மழைக்காலத்துக்கோ நல்ல தூளித்துணியே துணை. தாராவிச் சந்தில் வாழ்பவர் வண்டிக்கு ஒதுக்கும் பணத்தை, எடையை இரு தோளிலும் இடுப்பிலும் பகிரும் சுமைப்பட்டைக்குச் செலவிடுவது மேல்.

இவ்வளவு அளந்தபின்னும் நம் கையில் இல்லாத அளவு ஒன்று எஞ்சுகிறது. இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் குடியிருப்புப் பகுதி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது. மலிவான மடிப்பு வண்டியின் சக்கரமே ஏறத்தாழ அவ்வளவு விட்டம்தான். விதியை முழுதும் பின்பற்றிய நடைபாதையில்கூடச் சரிவு இல்லாவிட்டால் அச்சக்கரம் ஏறாது. பெரிய சக்கரம் கொண்ட விலையுயர்ந்த வண்டி என்பது, நகராட்சி போடாத சரிவுக்குக் குடும்பம் கட்டும் வரி.

தாராவி இப்போது மறுசீரமைப்பின் வாசலில் நிற்கிறது. 2022இல் ஏலம் முடிந்தது. யாருக்கு அங்கேயே வீடு, யார் வெளியேற வேண்டும் என்ற வாதம் ஓயவில்லை. பேச்செல்லாம் சதுர அடியைப் பற்றியே நடக்கிறது. 1898இன் அறக்கட்டளை மாட்டுங்காவுக்குத் தந்தது வெறும் சதுர அடி அன்று. வாசலிலிருந்து பூங்கா வரை தொடரும் ஒரு வழி. தாராவி மக்கள் தம் கையால் மேடாக்கிய நிலத்தில் அதே அளவுகோலைக் கேட்பது மிகையன்று. ஒரு பாட்டி தன் பேத்தியை வண்டியில் அமர்த்தி, வீட்டு வாசலிலிருந்து அங்கன்வாடிக்கும் சயான் மருத்துவமனைக்கும் ஓரிடத்திலும் தூக்காமல் தள்ளிச் செல்ல இயலுமா? இயலுமாயின் சக்கர நாற்காலியும் செல்லும், ஊன்றுகோலும் செல்லும், அக்காவும் பள்ளிக்குச் செல்வாள். அதன்பின் வண்டியா தூளியா என்பது அவ்வீட்டார் விருப்பம்.

மும்பைத் தமிழ் வீடுகளில் குழந்தை வண்டிக்கும் தூளிக்கும் நடைவண்டிக்கும் வழங்கிய வேறு சொற்களை அறிந்தோர், எந்தப் பகுதி, எந்தத் தலைமுறை என்னும் குறிப்போடு கீழே எழுதினால் பேருதவியாக இருக்கும்.